பட்டாள ரோட்டு இரும்பய்யா

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம், தங்கச்சி. இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் விட்டாலும் குற்றம், முன்னுக்குப் பின் மாற்றினாலும் குற்றம். நான் அஞ்சாவதோடு நின்றவள். முதலில் சொல்ல வேண்டியது எனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் மொக்கராசு சொன்னால் தண்ணீர் ஓடுகிற மாதிரி சொல்வார். அவர் கூட வரவில்லை. நான் இந்த பஸ்ஸில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நீங்கள் பட்டாள ரோட்டைப் பற்றி எழுத வந்தவர் என்று கண்டக்டர் தம்பி சொன்னான். மைல்கல்லை எல்லாம் படம் பிடித்துக்கொண்டு திரிந்தீர்களாமே. அதைக் கேட்டதும்தான் உங்கள் பக்கத்தில் இருந்த அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னால் அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போடுகிறது. நடுசீட்டில் அவ்வளவு ஆட்டம் இல்லை.

அந்தக் கட்டைப்பை அப்படியே இருக்கட்டும். காலால் தள்ள வேண்டாம். உங்கள் காலும் என் காலும் அணைத்த மாதிரி நடுவில் இருந்தால் போதும்.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்பீர்கள்தானே? நடுவில் எழுந்து போய்விட மாட்டீர்களே? நீங்கள் ஜன்னல் ஓரம், நான் வெளி ஓரம். எங்கே போவீர்கள், கேளுங்கள்.

என் பேர் வேலுத்தாய். எங்கள் ஊருக்குப் பேரே பதினேழாம் மைல்தான். கல்லைப் பார்த்து வைத்த பேர். கல்லை நட்டது பட்டாளம். அதற்கு முன்னால் அங்கே காட்டெருமையும் அட்டையும்தான்.

ஜப்பான்காரன் கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கிவிடுவான் என்று வெள்ளைக்காரனுக்குப் பயம் பிடித்த காலம் அது. இறங்கிவிட்டால் மேற்கே ஓட வேண்டும். சும்மா ஓட முடியுமா, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்குத்தான் பட்டாளத்தைக் கொண்டுவந்து இந்த மலையை வெட்டினார்கள். பயந்தவன் போட்ட ரோட்டுக்குப் பயந்தாங்கொள்ளி ஒருத்தி வாக்கப்பட்டு வந்திருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் என்னைக் கேலி செய்வார். செய்யட்டும். பயந்ததால்தான் ரோடு வந்தது என்று நான் சொல்வேன்.

மாட்டு வண்டிக்கு வெட்டிய பாதை இல்லை இது. பீரங்கி வண்டிக்கு வெட்டியது. அதனால்தான் ஏற்றம் தெரியாது, வளைவெல்லாம் அகலம். இதோ பாருங்கள், டிரைவர் ஒரே ஒடிப்பில் திருப்புகிறார். மற்ற மலைகளில் முன்னால் போய்ப் பின்னால் வந்து திருப்ப வேண்டும். ஆனாலும் இவர் கொஞ்சம் மெதுவாகத் திருப்பலாம். பை சாய்ந்ததா? இல்லையே. சரி.

கூலிக்கு ஆள் கீழ்நாட்டிலிருந்து வந்தது. பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அதில் என் வீட்டுக்காரரின் தாத்தா பெரியமொக்கையும் ஒருவர். பகலெல்லாம் பாறை உடைப்பு. பட்டாளத்தார் வேலை ஓய்ந்த நேரத்தில் எதிர்மலையைப் பார்த்துப் பீரங்கி அடித்துப் பழகுவார்களாம். முதலில் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள், பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கஞ்சி குடிக்கப் பழகிவிட்டார்களாம்.

ஒரு ஐப்பசி மழையில், பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த நேரத்தில், மலை சரிந்தது. இது முக்கியம், இதை விடக்கூடாது. கீழே இருந்தவர்கள் மண்ணோடு போனார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. பெரியமொக்கையும் இன்னும் மூன்று பேரும் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சரிவு அவர்கள் காலடி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நின்ற இடத்தில் சேற்றில் ஒரு இரும்பு. முழங்கை நீளம். தலையில் பித்தளைக் கும்பம். இடுப்பில் செம்பு வளையம். நட்டு வைத்தது போல நேராக நின்றதாம். அதுவரைக்கும் அங்கே அது இல்லை. மலையைத் தடுத்து நிறுத்தியது அதுதான் என்று பெரியமொக்கை சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். அன்றிலிருந்து அது எங்களுக்கு இரும்பய்யா.

சண்டை முடிந்தது, பட்டாளம் போனது. இவர்கள் போகவில்லை. சாமி கிடைத்த இடத்தை விட்டு எங்கே போவது? பட்டாளத்தார் லாரி நிறுத்திய இடத்தில், அவர்கள் விட்டுப்போன கல்லையும் தகரத்தையும் வைத்து நாலு குடும்பமும் வீடு போட்டுக்கொண்டது. அதுதான் எங்கள் ஊர்.

இரும்பய்யாவுக்குக் கோயில் கிடையாது. கட்டினால் கோபித்துக்கொள்வார் என்று ஒரு குறி. நாலு வீட்டுக்கும் முறை வைத்து, வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருப்பார். மாசி சிவராத்திரிக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவார். மழைச் சேற்றில் கிடைத்தவர் என்பதால் குளிர் ஆகாது. அதனால் எந்த வீட்டிலும் அவருக்கு இடம் அடுப்படிதான். அடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் விறகு. வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பித்தளைக் கும்பம் முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் வந்து பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் குருவம்மா மதினியிடம் இருந்தபோது நெற்றிப் பக்கம் கறை படிந்திருந்தது. நானே பார்த்தேன். சொல்லவில்லை.

இந்த வருஷ முறை எங்கள் வீட்டுக்கு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் மகள் நாகஜோதி கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லாமல் இருந்தாள். ஒரு தடவை தங்கி, நாலாம் மாதத்தில் போய்விட்டது. அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. சாமி எங்கள் வீட்டுக்கு வந்த மறுமாதமே தங்கிவிட்டது. நான் அவரை அடுப்படியில் மடியில் வைத்துக் கொஞ்சாத குறைதான். கழுவும்போது பேசுவேன். தட்டிக் கொடுப்பேன்.

இதோ, இந்த வளைவில் மட்டும் காலைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள்.

வளைகாப்புக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூட ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை, தவசி என்று பேர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு வாங்கியவர். மீசையும் ஆளும் கம்பீரமாக இருப்பார். அதிர்ந்து பேச மாட்டார். எல்லாரும் பந்தியில் இருக்கும்போது குடிக்க வெந்நீர் வேண்டும் என்று அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அன்றைக்குச் சாமியைக் கழுவி, ஈரம் காயட்டும் என்று அடுப்புத் திட்டு மேலேயே வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா, அதைத் தொடாதீங்க. அடுப்புல இருக்குற விறகை மட்டும் வெளிய இழுங்க. தண்ணி ஊத்த வேண்டாம். மெதுவா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குரல் அப்படி இருந்ததால் இழுத்தேன்.

"உள்ள வேற யாரு இருக்கா?"

"நாகஜோதி சேலை மாத்துறா."

"அப்படியே வெளிய கூப்பிடுங்க. சேலை பாதியா இருந்தாலும் பரவாயில்லை."

பிள்ளைக்குப் போர்வையைப் போர்த்திக் கூட்டி வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். கை நிறைய வளையலோடு அவள் சிரிக்கிறாள், பெரியப்பாவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்கிறாள். அவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"சம்பந்தி, அது பீரங்கிக் குண்டு. அடிச்சு, வெடிக்காம விழுந்தது. உள்ள மருந்து அப்படியே இருக்கும். நான் இதைப் பாத்திருக்கேன். இதால போன ஆளையும் பாத்திருக்கேன்."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தா சேத்துல விழுந்து கும்பிட்டு எடுத்த சாமி அது. வாயைக் கழுவிட்டுப் பேசும்."

"சாமியாவே இருக்கட்டும். வெடிக்கிற சாமி."

அதோடு விட்டாரா? மலை சரிந்த கதையை என் வீட்டுக்காரர் கோபத்தில் சொல்லச் சொல்ல, தவசி சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கேட்டுவிட்டுச் சொல்கிறார், எதிர்மலைக்கு அடித்தது குறி தப்பி இந்தப் பக்கம் விழுந்திருக்கும், வெடித்ததுதான் மலையைச் சரித்திருக்கும், இது வெடிக்காமல் நின்ற அதன் கூட்டாளி என்று. அப்படிச் சொல்லலாமா? அத்தனை பேரைக் கொன்றதையா நாங்கள் மஞ்சள் பூசிக் கும்பிட்டோம்? அது இருக்காது. எனக்கு அது மட்டும் நம்பிக்கை இல்லை. ஆனால் வெடிக்கும் என்று சொன்னாரே, அதை நம்பினேன். எப்படி என்று கேட்காதீர்கள். நம்பிவிட்டேன்.

அவர் என்னிடம் தனியாகச் சொன்னது மூன்று. ஆட்டக்கூடாது. சூடு படக்கூடாது. கீழே போடக்கூடாது. நான்காவதாக ஒன்றும் சொன்னார், யாரும் எடுக்கவே கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்று. போலீஸுக்குச் சொன்னால் அவர்கள் பட்டாளத்திலிருந்து அதற்கென்று படித்தவர்களை வரவழைப்பார்களாம்.

போலீஸ் என்றதும் ஊரே கூடிவிட்டது. ஊர் என்ன ஊர், நாலு வீடு. ஏன் என்று சொல்கிறேன். போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளந்துகொண்டு போனார்கள். அப்போதே சொன்னார்கள், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பட்டாளத்தார் லாரிக்கும் கூடாரத்துக்கும் ஒதுக்கிய இடம், உங்கள் வீடெல்லாம் அதற்குள்தான் நிற்கிறது, இப்போதைக்கு இருங்கள் என்று. இப்போதைக்கு என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். குண்டு கிடைத்தது என்று போலீஸ் வந்தால், கயிறு கட்டி எங்களை வெளியேற்றினால், திரும்ப உள்ளே விடுவார்களா? எதிர்வீட்டுப் பெருமாயி மதினி அங்கேயே ஒப்பாரி வைக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் என் வீட்டுக்காரர் தவசி சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். என் மகள் உங்கள் வீட்டு மருமகள், அவள் வயிற்றில் இருப்பது உங்கள் பேரப்பிள்ளை, எங்களைத் தெருவில் நிறுத்தாதீர்கள் என்றார். அவர் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு, அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன் என்றார். சாப்பிடாமலே போய்விட்டார். போகுமுன் நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் கேட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். தவசி சம்பந்தி யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. போலீஸ் வரவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் வாசலுக்கு ஓடினேன், வந்துவிடக்கூடாது என்றும், வந்துவிட வேண்டும் என்றும்.

அதற்குப் பிறகு என் பிழைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரும் சிரித்தது. அடுப்படியில் அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டேன். வெளியில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். மார்கழிச் சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு சோறு வடிக்கிற ஒரே பொம்பளை நான்தான் என்று குருவம்மா மதினி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். ஒரு நாள் சாமியைத் தூக்கிக்கொண்டு போய், ஆட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவில் வைத்தேன். தூக்கிக்கொண்டு நடந்த அந்தப் பத்தடிக்கு எனக்கு உயிர் போய்த் திரும்பியது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, சாமியை ஆட்டுப் புழுக்கையில் வைத்திருக்கிறாயே என்று திட்டிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு வந்து மறுபடி அடுப்படியில் தொம்மென்று வைத்தார். தொம்மென்று. நான் நாகஜோதியைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"உனக்கு எதைக் கண்டாலும் பயம்," என்றார். "பல்லி விழுந்தா பயம், பஸ் லேட்டானா பயம். உன் பயத்துக்கு ஊர்ச்சாமியை வெளிய தள்ளச் சொல்றியா?"

பள்ளத்தில் உருட்டிவிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கீழே போடக்கூடாது என்றாரே. பள்ளத்தில் காப்பித் தோட்டம், எப்போதும் ஆள் இருக்கும். மண்ணில் புதைக்கலாம் என்றால் கடப்பாரை போட வேண்டும், எங்கள் ஊரில் எங்கே கடப்பாரை போட்டாலும் பாறை. அதோடு, சாமியாக இருந்துவிட்டால்? என் பேத்தியோ பேரனோ பிறக்கப் போகிற நேரத்தில் சாமியைப் பள்ளத்தில் தள்ளினவள் என்று ஆகிவிடும். சாமியாக இருந்தால் குற்றம், குண்டாக இருந்தால் ஆபத்து. நடுவில் நான்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அடுத்த முறைக்காரியிடம் முறைப்படி கொடுத்துவிடுவது. அது குருவம்மா மதினி. ஆனால் சிவராத்திரி வர இன்னும் நாள் இருக்கிறது, நாகஜோதிக்குத் தையிலேயே பிரசவம். முன்கூட்டியே வாங்கிக்கொள் என்று அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

முறை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டேன் பாருங்கள், இதற்குத்தான் பயந்தேன். தூக்கிக் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்ததாக ஆகாது. கொடுக்கிற வீட்டுப் பெண், வாங்குகிற பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாமியை நடுவில் வைத்து, ரோட்டுக் கதையை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பட்டாளம் வந்தது, பீரங்கி அடித்தது, மலை சரிந்தது, பெரியமொக்கை கும்பிட்டது, அதற்குப் பிறகு இவள் வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாம். கேட்கிறவள் உம் கொட்ட வேண்டும். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டாள் என்றால் சாமி கை மாறிவிட்டார். அதற்குப் பிறகு நல்லதோ கெட்டதோ, கேட்டவள் பொறுப்பு. சொன்னவளுக்கும் அதற்கும் ஒட்டில்லை, உறவில்லை.

குருவம்மா மதினி நல்ல நாளில் உட்காருவாள், கண்ணில் தண்ணீர் விட்டுக் கேட்பாள். அன்றைக்கு நான் போய் அவள் வீட்டில் உட்கார்ந்து, ஜப்பான்காரன் கப்பலில் என்று ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டாள்.

"உலை கொதிக்குது வேலுத்தாயி. நீ சொல்லிக்கிட்டு இரு, நான் கேக்கலை."

"மதினி, வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுல இருக்கா. உனக்கு ரெண்டு மகளும் கட்டிக்குடுத்தாச்சு. வீட்டுல நீங்க ரெண்டு பேருதான."

"அப்ப நாங்க செத்தாப் பரவாயில்லையா?"

"அது சாமின்னு நீயும்தான சொன்ன. வெடிக்காதுன்னு சொன்ன."

"சாமிதான். வெடிக்காதுதான். ஆனா முறை வரட்டும்."

பார்த்தீர்களா, எப்படிப்பட்ட மனசு என்று? தான் மட்டும் தப்பித்தால் போதும் என்று நினைக்கிறவர்களோடுதான் நான் இத்தனை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன். பெருமாயி மதினியோ என்னைக் கண்டாலே காதில் விரலை விட்டுக்கொண்டாள். சேர்ந்து சுள்ளி பொறுக்கப் போவதும் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தால் கதை சொல்லிவிடுவேனோ என்று எல்லாருக்கும் பயம்.

நாகஜோதி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். "வெடிக்கிறதா இருந்தா நான் பிறந்தப்பவே வெடிச்சிருக்கும்மா. அப்பவும் அடுப்பு எரிஞ்சுதுல்ல." வயிறு இறங்கிவிட்டது அவளுக்கு. குளிக்க வெந்நீர் வேண்டும், இடுப்புக்கு ஒத்தடம் வேண்டும். நான் வெளியில் கல்லடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஓடும்போதே ஆறிவிடும்.

நேற்று வெள்ளிக்கிழமை. நான் சாமியைக் கழுவவில்லை. தொடுவதில்லை என்று இருந்தேன். ஓடைக்குத் துவைக்கப் போய்விட்டு வருகிறேன். அடுப்படியில் புகை. இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று உள்ளே அடுப்பை மூட்டி உலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு புளி போட்டுத் தேய்க்கிறாள். மடியில். வயிற்றுக்கு இரண்டு விரல் தள்ளி அந்தப் பித்தளை.

நான் கத்தவில்லை. கத்தினால் கை உதறும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். "நாகு, மெதுவா கீழ வை," என்றேன். என் முகத்தைப் பார்த்தாள் போலிருக்கிறது. பதறி எடுக்கப் போனாள். புளி வழுக்கல் வேறு. அது நழுவி, மடியில் புரண்டு, தரையில் விழுந்து உருண்டு போய் ஆட்டுக்கல்லில் மோதியது. ணங் என்று ஒரு சத்தம். கோயில் மணி அடித்த மாதிரி.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. உலை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாகஜோதி சிரித்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகலை." சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பிள்ளை துள்ளுதும்மா என்றாள். சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது.

அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் காப்பிப்பழம் பறிக்கத் தோட்டத்துக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் துணிக்கடைக் கட்டைப்பையை எடுத்தேன். அடியில் வைக்கோல் போட்டேன். என்னுடைய பழைய நூல்சேலையை நாலாக மடித்துச் சுற்றினேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி உள்ளே வைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பட்டாளத்தார் பொருள், பட்டாளத்தாரிடமே கொடுத்துவிடுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். டவுனில் பட்டாளத்தாருக்கு என்று ஒரு கேண்டீன் இருக்கிறதாம், சோப்பு, பெட்டி எல்லாம் வாங்குவார்களாம். அங்கே ஒரு ஓரமாக வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று.

உட்காருங்கள், உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள். நீங்கள் எழுந்தால் பை சாய்ந்துவிடும்.

கண்டக்டர் தம்பி அதை எஞ்சின் மூடி மேலே வைக்கச் சொன்னான், காலுக்கு இடமாகுமே என்று. சுடும், வேண்டாம் என்றேன். அப்படி என்ன பையில், வெண்ணெயா என்று கேட்டான். சாமி என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பொய் சொல்லவில்லையே நான். பின்சீட்டில் ஆட்டம் என்று நடுசீட்டுக்கு வந்தேன். வழி நெடுக இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்திருக்கிறேன். ஆட்டவில்லை, சூடு படவில்லை, கீழே போடவில்லை. தவசி சம்பந்தி சொன்ன மூன்றையும் விடவில்லை.

கீழே இறங்க இறங்க எனக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. கேண்டீனில் வைத்தால் யார் வைத்தது என்று தேடுவார்கள். இந்தப் பொம்பளை எந்த ஊர் என்பார்கள். பதினேழாம் மைல் என்று தெரிந்தால் நேராக வந்து நிற்பார்கள். எந்த வீட்டைக் காப்பாற்றக் கொண்டு வந்தேனோ அந்த வீடே போய்விடும். அப்போதுதான் இந்தத் தம்பி சொல்கிறான், முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த மேடம் பட்டாள ரோட்டுக் கதை கேட்டுத்தான் ஊர் ஊராக அலைகிறார்கள் அக்கா, யாருமே முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம் என்று.

எனக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துவிட்டது. நாங்கள் கொடுக்க ஆள் தேடி அலைகிறோம். நீங்கள் கேட்க ஆள் தேடி அலைகிறீர்கள்.

எல்லாம் சொல்லிவிட்டேனா? பட்டாளம் வந்தது சொன்னேன். பீரங்கி சொன்னேன். மலை சரிந்தது, பெரியமொக்கை கும்பிட்டது, முறை, நாகஜோதி, ஆட்டுக்கல். ஒன்றும் விடவில்லை. நீங்களும் உம் கொட்டிக்கொண்டேதான் வந்தீர்கள். குருவம்மா மதினி மாதிரி நடுவில் எழுந்து போகவில்லை. நல்ல மனசு உங்களுக்கு.

நீங்கள் படித்தவர். யாருக்கு போன் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களை யாரும் வீட்டை விட்டு எழுப்ப மாட்டார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் ரோட்டில் கிடைத்தது என்று சொல்லுங்கள். அது உண்மைதானே. பதினேழாம் மைல் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இதோ சோதனைச்சாவடி வந்துவிட்டது. கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும். நான் காலை எடுக்கிறேன், நீங்கள் உங்கள் காலை எடுக்காதீர்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் அணைத்துக்கொள்ளுங்கள். ம், அப்படித்தான். மேலே போகிற பஸ் இங்கேதான் வரும், அதில் ஏறினால் அவர் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவேன். போய் உள்ளே அடுப்பை மூட்டி, பிள்ளைக்குச் சுடச்சுட ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கொடுப்பேன்.

ஜன்னலைத் திறந்தே வைத்திருங்கள், கடைசியாக ஒன்று. டவுன் வரைக்கும் ரோடு கொஞ்சம் மேடுபள்ளம். பட்டாளத்தார் போட்டது இந்தச் சாவடியோடு முடிந்தது, அங்கிட்டு எல்லாம் நம்மாட்கள் போட்டது. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், ஆனால் ஏன் என்று சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்.

என்ன சொல்கிறீர்கள், காதில் விழவில்லை. விசில் அடித்துவிட்டான்.

நான் இந்தச் சாவடிச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன், தங்கச்சி. இதுவும் பட்டாளத்தார் கட்டியதுதான், இரண்டு முழ அகலம், குண்டு விழுந்தாலும் தாங்கும் என்பார்கள். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கிறாள்.